ஐப்பசி மாதத்துக்கு ஒரு பொய்ப் படம்

வரும் ஆண்டுக்கு நம்மூர் நண்பர்கள் சேர்ந்து ஒரு மாதக் காலண்டர் அச்சடிக்கிறார்கள். பன்னிரண்டு தாள், பன்னிரண்டு வண்ணப் படம், வழவழப்பான ஆர்ட் பேப்பர். தலைக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் படங்களை வாட்ஸ்அப்பில் பார்வைக்கு அனுப்பினார்கள். பதினொன்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அக்டோபர் மாதத்துக்கு வைத்திருக்கும் படத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். நேரில் சொன்னபோது, "பெரியவருக்கு எதிலயாவது குத்தம் கண்டுபிடிக்கணும்" என்று சிரித்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அரசாங்க ஆபீசில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனை ஒரு டீயில் அனுப்பிவிட முடியாது. ஆகவே எழுத்து மூலமாகத் தெரிவிக்கிறேன்.

படம் இதுதான். காட்டுக்குள் போகும் தார் ரோடு. இரண்டு பக்கமும் பொன் மஞ்சளாய் மரங்கள். ரோட்டில் மஞ்சள் உதிர்ந்து கிடக்கிறது. தூரத்தில் பனி மூட்டம், ஓரத்தில் ஒரு புள்ளிமான். அடியில், "இலையுதிர் காலத்தின் பொன்னழகு – முதுமலை" என்று எழுத்து. எடுத்தவன் என் மச்சினன் மகன். வேன் ஜன்னல் வழியாக அவன் அதை எடுத்தபோது அடுத்த சீட்டில் இருந்தவன் நான். அது இலையுதிர் காலமே இல்லை. அந்த மஞ்சள் இலையும் இல்லை, பூ. அந்த மரம் நம் காட்டு மரமும் இல்லை. நாலு வார்த்தைத் தலைப்பில் மூன்று பிழை. என் காலத்துச் சூப்பிரண்டெண்டாக இருந்தால் கோப்பை முகத்தில் எறிந்திருப்பார்.

போன ஐப்பசியில் போனோம். இரண்டு வேன், ஆறு நாள். ஊட்டி, அவலாஞ்சி, முதுமலை, திரும்பி உடுமலை வழியாக மூணாறு, இரவிகுளம். நோட்டீசில் "மலைத் தேசியப் பூங்காக்கள் – ஆட்டம் ஸ்பெஷல் போட்டோ டூர்" என்று போட்டிருந்தார்கள். ஏதோ கரகாட்டம், ஒயிலாட்டம் காட்டுவார்கள் என்று நினைத்துத்தான் என் வீட்டுக்காரி கிளம்பினாள். அது இங்கிலீஷ் ஆட்டம், அதாவது இலையுதிர் காலம் என்று விளக்கியபோது, "இலை உதிருறதப் பாக்கவா பன்னிரெண்டாயிரம்? நம்ம வீட்டு வேப்பமரம் என்ன செய்யுது?" என்றாள். அவள் கேள்விக்கு ஆறு நாளும் யாரும் பதில் சொல்லவில்லை.

எனக்கு இந்த இலையுதிர் காலத்தோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறினாலும் 1962 ஆகஸ்ட் வரைக்கும் சட்டப்படி நாங்கள் பிரான்ஸ்தான். அதற்குப் பிறகும் பாடப் புத்தகங்கள் கப்பலில்தான் வந்தன. அக்டோபர் வந்தால் 'லோத்தோன்' பற்றி திக்தே எழுத வேண்டும், அதாவது வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவது. சிவந்த இலைகள் உதிரும், காடு பொன்னாகும், பறவைகள் தெற்கே போய்விடும் என்று எழுதுவோம். ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி அடைமழையில் அரசலாறு கரை தொட்டு ஓடும். வடக்கிலிருந்து கிளம்பிய பறவை எங்கள் ஊர் வயலில்தான் வந்து இறங்கும். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினால் இருபதுக்குப் பதினெட்டு. மழை என்று எழுதினால் கழித்துவிடுவார்கள். அந்த வாத்தியாரை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் நாட்டில் இலை உதிர்ந்தது. நமக்கு இப்போது யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? நாமே கைக்காசு போட்டு அதே திக்தேயை எழுதுகிறோம்.

ஆறு பருவம் வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள். ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர். காற்றும் மழையும் குளிரும் சேர்ந்த காலம். அதில் இலை உதிர வேலையே இல்லை. நீர் இருக்கும்போது மரம் ஏன் இலையை விடும்? முதுமலை போன்ற காடுகளில் இலை உதிர்வது மழையெல்லாம் ஓய்ந்து மண் காய்ந்த பிறகு, தை கடந்து மாசி பங்குனியில். தேக்கும் வெண்தேக்கும் மொட்டையாய் நிற்கும், காட்டுத் தீ பயம் வரும். அதுதான் நம் இலையுதிர் காலம். அப்போது எவரும் போட்டோ டூர் நடத்துவதில்லை, சருகும் சாம்பலும் விலை போகாது. ஐப்பசியில் முதுமலை பச்சை. மாயாற்றில் தண்ணீர். புல் ஆள் உயரம், அதனால் மிருகம் கண்ணில் படாது. எங்கள் வேனில் இருந்தவர்கள் 'ஒண்ணும் இல்ல சார், வெறும் பச்சை' என்று அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்பில்தான் மஞ்சளைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள்.

அந்த மஞ்சள் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். மஞ்சள் கொன்றை, சீமைக் கொன்றை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நம்முடைய சரக்கொன்றையின் தூரத்துச் சொந்தம், பிறந்தது அமெரிக்க வெப்ப நாடுகளில். அழகுக்கும் நிழலுக்கும் விறகுக்கும் என்று கொண்டுவந்து வைத்தார்கள். இன்று முதுமலை, சத்தியமங்கலம், பக்கத்தில் வயநாடு என்று காடு காடாய்ப் பரவி நிற்கிறது. அதன் அடியில் புல் தழைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கு என்ன வேலை, மான் இல்லாத இடத்தில் புலிக்கு என்ன வேலை? வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். பட்டையை உரித்துக் காயவிட வேண்டும் அல்லது வேரோடு பிடுங்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் அயல் மரங்களை அகற்றச் சொல்லி வழக்கை விடாமல் விசாரித்தது. 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. இந்த மரத்தை வெட்டிக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ள அரசின் காகித ஆலைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கோர்ட்டும் சர்க்காரும் சேர்ந்து துரத்துகிற ஒன்றைத்தான் நம் காலண்டர் குழு அக்டோபர் மாதத்துக்கு அழகு என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒருவேளை அந்த மரத்தின் கூழில் செய்த காகிதத்திலேயே அந்த மரத்தின் படத்தை அச்சடிக்கலாம். அதுவாவது பொருத்தமாக இருக்கும்.

இது ஒரு மரத்தோடு முடிகிற கதையாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டமாட்டேன். ஆறு நாளில் எங்கள் கூட்டம் 'சூப்பர் லொக்கேஷன்' என்று இறங்கிய இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். (பழக்க தோஷம், நோட்டும் பேனாவும் இல்லாமல் நான் கக்கூசுக்குக்கூடப் போவதில்லை என்பாள் வீட்டுக்காரி.) ஊட்டி தலைகுந்தா பைன் காடு: வெளிநாட்டு மரம், மனிதன் நட்ட தோட்டம், கீழே ஊசிச் சருகைத் தவிர ஒன்றுமில்லை. சினிமாவில் நாற்பது வருடமாகப் பார்த்துப் பார்த்து நமக்குக் காடு என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. அவலாஞ்சி போகும் வழியில் சீகை மரக் கூட்டம்: ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில். முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிடப் பட்டைக்கு. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், அதுவும் அங்கிருந்துதான். மசினகுடிப் பக்கம் உண்ணிச் செடி பூத்திருக்க, அதில் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்க, எட்டுப் பேர் குனிந்து எடுத்தார்கள். உண்ணிச் செடி இருநூறு வருடத்துக்கு முன் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாய் வந்தது. இன்று இந்தியக் காடுகளில் அது நுழையாத இடத்தைத் தேட வேண்டும். எல்லாமே அழகு என்றுதான் வந்தன. யாரும் சனியன் என்று சொல்லி ஒரு செடியைக் கப்பலில் ஏற்றுவதில்லை.

அவலாஞ்சியில் ஒரு மேட்டில் நிறுத்தினார்கள். மடிப்புக்குள் கருத்த சோலை, மேலே வழுக்கையாய்ப் புல்வெளி. நீலகிரியின் உண்மையான முகம் அதுதான். வேனிலிருந்து இறங்கியது நாலு பேர். 'இங்க ஒண்ணும் இல்லையே, வெறும் புல்லு' என்று ஒருவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். வெள்ளைக்காரனும் இதைத்தான் சொன்னான். வெறும் புல், வீண் நிலம், மரம் நடு என்றான். சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறையும் அதையே தொடர்ந்தது. அந்த வெறும் புல்லில்தான் வரையாடு மேய்கிறது. வரையாடு சோலைக்குள்ளும் போகாது, சீகைக் காட்டுக்குள்ளும் போகாது. அதற்குப் புல்லும் பாறையும் வேண்டும். முக்குறுத்தியில் அதைக் காப்பாற்றத்தான் 78 சதுர கிலோமீட்டரை 1990இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்குள் எங்களை விடவில்லை. கூட்டத்தில் சிலருக்குக் கோபம், எனக்கு நிம்மதி. 2025இல் தமிழ்நாடும் கேரளாவும் ஒரே நேரத்தில் எண்ணியபோது இங்கே 1,303, அங்கே 1,365. உலகத்தில் வேறெங்கும் இயற்கையில் இல்லை. நம் அஞ்சுகிராமத்தில் ஒரு தெருவில் கல்யாணம் என்றால் அதைவிட அதிகம் பேர் சாப்பிடுகிறார்கள்.

பிரெஞ்சு படித்தவன் என்பதால் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரிக்குத் தாவரம் சேகரிக்கப் போன முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் புதுச்சேரியிலிருந்து போன லெஷனோ, 1819இல். பிறகு பெரோத்தே. அதற்கெல்லாம் வெகு பின்னால், 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியா முழுக்கத் தாவர வரைபடம் போட்டது. அதில் கன்னியாகுமரிக்கு ஒரு தாள் உண்டு. ஆபீஸ் வேலையாகப் போனபோது பார்த்திருக்கிறேன். ஈரமான காட்டுக்கு ஒரு நிறம், வறண்ட முள்காட்டுக்கு ஒரு நிறம் என்று நிறத்திலேயே மழையையும் வெயிலையும் எழுதியிருப்பார்கள். நம் மாவட்டம் அந்தத் தாளில் விரற்கடை அகலம். அந்த விரற்கடைக்குள் மேற்கே நீலமும் கிழக்கே ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கம் வெளிறிய நிறமும் வந்துவிடும். நிறம் என்றால் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். மருமகனுடைய படத்தில் நிறம் இருக்கிறது, போனில் வைத்து மேலும் ஏற்றியும் இருக்கிறான். அது சொல்வது என்ன?

காட்டு மிருகங்களை எடுத்த லட்சணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் ரத்த அழுத்தம் ஏறும். ரோட்டோரம் நின்ற யானை தலை நிமிர வேண்டும் என்று ஹாரன் அடித்தார்கள். குரங்குக்குப் பிஸ்கட் போட்டு வரவழைத்து எடுத்தார்கள். ஊட்டியில் நாங்கள் தங்கிய விடுதித் தோட்டத்தில் நீலகிரிச் சிரிப்பான் என்ற குருவி வெளியே வர வேண்டும் என்று அதன் கூவலையே போனில் ஓடவிட்டார்கள். பாவம், தன் எல்லைக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுக் கிளை கிளையாய்ப் பதறிப் பறந்தது. அரைமணி நேரம். "மாமா, சும்மா சத்தந்தானே, கல்லாலயா எறியுதோம்?" என்றான் மருமகன். உன் வீட்டு வாசலில் நின்று உன் பெண்டாட்டி பெயரைச் சொல்லி எவனாவது அரைமணி நேரம் கூப்பிட்டால் அதுவும் வெறும் சத்தந்தானா மக்கா என்று கேட்டேன். போனை அணைத்தான். இரவிகுளத்தில், இராஜமலை ரோட்டில், வரையாடு ஆளுக்குப் பயப்படாமல் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நம்பிக்கைக்கு மரியாதையாக அதன் மூக்குக்கு நேராக ஏழெட்டுப் போன்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 2022இல் திருத்தியபோது, சரணாலயத்தில் படம் எடுக்க அனுமதி தரும் பிரிவில், வாழிடத்தை மாற்றாமலும் வாழிடத்துக்கோ உயிருக்கோ கேடு செய்யாமலும் எடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நல்ல வாசகம். ஹாரனும் பிஸ்கட்டும் எந்த வகையில் சேரும் என்று நண்பர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

காலண்டர் குழுவில் படித்தவர் ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். அதை மறைக்கக்கூடாது. "அய்யா, படத்தைப் பார்த்துத்தான் ஜனங்களுக்குக் காட்டு மேல ஆசை வருது. ஆசை வந்தாத்தான் காப்பாத்துவாங்க. படமே வேண்டாம்னா எப்படி?" என்றார். நியாயமான பேச்சு. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டாமல் தடுத்ததில் சோலை மந்தியின் முகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை நானும் அறிவேன். படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மந்திக்கு அன்று பெயர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள், எதனால் அழிகிறது என்று சொன்னார்கள். நம் காலண்டர் எதன் மேல் ஆசை வரவழைக்கிறது? மஞ்சள் கொன்றை மேல். நாளைக்கு வனத்துறை அந்த ரோட்டில் மரத்தை அகற்றும்போது, 'அய்யோ, எவ்வளவு அழகான மரத்தை வெட்டுகிறார்கள்' என்று முதலில் கூச்சல் போடப் போவது இந்தக் காலண்டரைச் சுவரில் மாட்டியவர்கள்தான்.

இன்னொருவர், 'கலர் இல்லாம யாரு பாப்பா?' என்றார். மா. கிருஷ்ணனை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அ. மாதவையாவின் மகன், நம் பக்கத்துத் திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர். 1950இலிருந்து 1996இல் கண் மூடும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி விடாமல் எழுதினார். பல காமிராக்களின் பாகங்களை ஒட்டுப் போட்டுத் தானே செய்துகொண்ட பூதாகாரக் காமிராவை யானைக்கு முன் தூக்கிக்கொண்டு நடந்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அயல் மரங்களை, அது எவ்வளவு அழகாய்ப் பூத்தாலும், நம் காட்டுக்குள் கொண்டுவராதே என்று சண்டை போட்டவரும் அவர்தான். மஞ்சளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெறும் சாம்பல் புதர்தான் தெரியும். எங்கள் வேனில் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

சிவப்பு இலைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நம் மலைகளில் தளிர் சிவப்பு. மாந்தளிரை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். களக்காடு முண்டந்துறை மலையில் நாங்கு மரம் தளிர்விடும்போது தீப்பிடித்தது போலிருக்கும். சோலைக் காடுகளும் பனி முடிந்து செந்தளிர் விடும். அங்கே பிரான்சில் சாகும் இலை சிவக்கிறது, இங்கே பிறக்கிற இலை சிவக்கிறது. அதற்கு மாசி பங்குனியில் போக வேண்டும். உதிர்கிற சிவப்பேதான் வேண்டுமென்றால் ஊட்டிவரை போக வேண்டாம், மார்கழி தையில் குலசேகரம் பஸ்ஸில் ஏறுங்கள். ரப்பர் மரமெல்லாம் செம்பாய்ச் சிவந்து உதிரும். தோட்டத்துக்காரர்கள் அதற்கு 'விண்டரிங்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மரமும் பிரேசில் மரம்தான். அதைக் காலண்டரில் போட்டால் அடியில் 'ரப்பர் தோட்டம்' என்று உண்மையாக எழுதலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

இது ஏதோ நீலகிரிக்காரன் கவலை, கடைக்கோடியில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் நிற்பது கோதையாற்று மலைக்காடு பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாய் விடுகிற மழை. நம் வாழைக்கும் வயலுக்கும் வருவது அதன் கடைமடை. எந்தக் காடு தண்ணீர் பிடிக்கும், எந்தத் தோப்பு பிடிக்காது என்று கண்ணால் பிரித்துச் சொல்லத் தெரியாத ஊர், கடைமடையில் உட்கார்ந்துகொண்டு யாரைத் திட்டும்? குளங்களையும் பாருங்கள். ஆகாயத் தாமரை ஊதாப் பூ பூத்து மூடினால் 'செம வியூ' என்று பாலத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். உள்ளே மீன் மூச்சு முட்டிச் சாகிறது.

ஆகவே குழுவுக்கு என் விண்ணப்பம். பொருள்: அக்டோபர் மாதப் படம். ஒன்று, படம் அப்படியே இருக்கட்டும், அடியில் 'முதுமலைக் காட்டை அழித்து வரும் அயல் மரமான மஞ்சள் கொன்றை' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஜனங்கள் கேள்வி கேட்பார்கள், ஒரு மாதம் முழுக்கக் கேட்பார்கள், நல்லதுதான். அது சுவருக்கு லட்சணமாக இருக்காது என்றால் படத்தை மாற்றுங்கள். ஐப்பசிக்கு நம்மிடம் என்ன இல்லை? வேலியோரம் கார்த்திகைப் பூ சிவப்பும் மஞ்சளுமாய்ச் சுடர் விடுகிற மாதம் அது. மருந்துவாழ் மலை மேல் மேகம் இறங்கி நிற்கும். சுசீந்திரம் தேரூர்க் குளம் இருக்கிறது. கவிமணி பிறந்த தேரூர், 2022இல் வேம்பனூரோடு சேர்த்து ராம்சார் பட்டியலில் ஏறிய குளம், 94 ஹெக்டேர். வடக்கே எங்கெங்கோ உண்மையாகவே இலை உதிர்கிற நாடுகளிலிருந்து கிளம்பிய நீலச்சிறகிகள் அங்கே வந்து இறங்குகின்றன. கூழைக்கடா உண்டு, சங்குவளை நாரை உண்டு. ரோட்டில் நின்றபடியே எடுக்கலாம், ஹாரன் தேவையில்லை.

காலண்டர் அடுத்த மாதம் பத்தாம் தேதிதான் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாகர்கோவில் போகும் முதல் பஸ்ஸில் நான் தேரூருக்குக் கிளம்புகிறேன். மருமகனிடம் சொல்லியிருக்கிறேன், காமிராவோடு வருவான். போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், அதற்குத்தான் கொஞ்சம் யோசிக்கிறான். குழுவிலிருந்து யாராவது வருவதானால் ஐந்தேகாலுக்கு ஸ்டாண்டில் இருங்கள். படத்துக்குத் தனியாகக் காசு கேட்கமாட்டோம்.